குறையே பயனான வரலாறு: டைட்டானியம் ஈராக்சைடும் தூய்மை காக்கும் பரப்புகளும்

கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயத்தை அரித்தெடுத்தபின் எஞ்சிய கருமணலை ‘அமாங்’ என வழங்கினர். அதில் கலந்துள்ள இல்மனைட்டு, டைட்டானியத்தின் தாதுக்களுள் ஒன்று. அத்தாதுவிலிருந்து பெறப்படும் டைட்டானியம் ஈராக்சைடோ தூய வெண்பொடி. நம் வீட்டுச் சுவர்ச் சாயத்திலும் இடம்பெறுவது. உலோக ஆக்சைடாகிய இப்பொருள் ஒரு குறைகடத்தியும் ஆகும். அப்பண்பு முதலில் குறையாகத் தோன்றிப் பின்னர்ப் பயனாக மாறிய வரலாற்றை நாம் இங்குக் காண்போம்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நச்சுடைய காரீய வெண்சாயத்திற்கு மாற்றாக டைட்டானிய வெண்சாயம் சந்தைக்கு வந்தது. ஆயினும், வெயில்பட்ட சுவரைத் தொட்டால் சுண்ணம் போன்ற பொடி கையில் ஒட்டியது. புற ஊதாக் கதிர் பட்ட துகள்கள், தம்மைப் பிணைத்திருந்த எண்ணெயையே சிதைத்தமை அதற்குக் காரணம். எனவே சாயத் தொழிலர், துகள்களுக்குச் சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் மேலுறையிட்டு இவ்வியல்பை அடக்க முற்பட்டனர்.

1967இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஹோண்டா கெனிச்சியிடம் ஆய்வு மாணவராயிருந்த புஜிஷிமா அக்கிரா, நீரில் அமிழ்த்திய டைட்டானியம் ஈராக்சைடுப் படிகத்தின்மீது ஒளி பாய்ச்சினார். படிகத்தில் ஆக்சிஜனும், அதனுடன் இணைக்கப்பட்ட பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் தோன்றின. இவ்வாய்வு 1972இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி நேரவே, சூரிய ஒளியால் எரிபொருள் பெறலாம் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. அது எளிதில் கைகூடவில்லை. இப்பொருள் ஏற்கும் புற ஊதாக் கதிர், சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டிற்கும் குறைவே.

1990களில் ஜப்பானிய ஆய்வாளர் வேறு வழியில் சிந்தித்தனர். எரிபொருளுக்குப் போதாத அச்சிற்றொளி, சுவரில் சிறிது சிறிதாகப் படியும் எண்ணெய்ப்பசையை அகற்றப் போதுமன்றோ? சாயத்தின் எண்ணெயைச் சிதைத்த பொருளால் கண்ணாடியையும் பீங்கான் ஓட்டையும் சிதைக்க இயலாது. ஆகவே அவற்றின்மீது மெல்லிய படலமாகப் பூசினால், மேலே படியும் கரிம அழுக்கு மட்டுமே சிதையும். 1997இல் மற்றோர் இயல்பும் அறிவிக்கப்பட்டது: ஒளிபட்ட அப்பரப்பில் நீர் துளியாகத் திரளாமல் தகடுபோல் பரவும். அதனால் மழைநீர் அழுக்கின் அடியிற் புகுந்து அதனை அடித்துச் செல்லும்.

ஜப்பானியச் சுரங்கப்பாதைகளின் விளக்கு மூடிகளில் இப்பூச்சு பயன்பட்டது. 2001இல் பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம் இவ்வகைச் சன்னற் கண்ணாடியை வெளியிட்டது. 2003இல் ரோமில் திறக்கப்பட்ட யூபிலித் தேவாலயத்தின் வெண்சிமிட்டியிலும் இப்பொருள் சேர்க்கப்பட்டது.

வெயிலும் மழையும் மிகுந்த நம் நாட்டிற்கு இப்பூச்சு பொருந்துவதே. எனினும் ஒளி புகாத மூலையில் அது செயற்படாது. மணலையும் உப்பையும் அது சிதைக்காது. அதன் நுண்பொடியை மூச்சுடன் உள்ளிழுத்தல் தீங்காகலாம் என்பதால், அதனைக் கையாளும் தொழிலாளர்க்குப் பாதுகாப்பும் தேவை. இவ்வெல்லைகளை அறிந்து பயன்படுத்துவதே நமக்கு நலம். சாயத்தைப் பொடியாக்கிய இயல்பே இன்று கண்ணாடியைத் துலக்குகிறது; பொருள் மாறவில்லை, அதனை வைத்த இடமே மாறியது.