திருவொற்றியூர் புல்லட்டும் எண்ணெய்க் கசிவும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினிலிருந்து எண்ணெய் வெளியேறுவது பழுதாகவே கருதப்படாத காலம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை 'முழு இழப்பு' எனப்பட்ட எண்ணெயிடும் முறையைக் கொண்டிருந்தன. ஓட்டுநர் சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்திச் சிறிதளவு எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்துவார்; அது பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் நனைத்த பின் எரிந்தோ சொட்டியோ வெளியேறிவிடும்; திரும்பி வர அதற்கு வழியே கிடையாது. சாலையில் விழும் எண்ணெய் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கப்பட்ட செலவாக இருந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்ட் நிறுவனம், எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்பின் மூலம் எஞ்சினுக்குள் சுற்றவிட்டு மீண்டும் தொட்டிக்கே கொண்டுவரும் 'உலர் சம்ப்' முறையைத் தன் வண்டிகளில் புகுத்தியது. எஞ்சினின் அடிக்கூட்டில் எண்ணெய் தேங்காமல் உடனுக்குடன் இறைக்கப்படுவதால் வந்த பெயர் அது. இம்முறை பரவி, எண்ணெய் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வராத எண்ணெய் ஒரு குறையாகக் கண்ணில் பட்டது.

அந்த நிறுவனம் 1930களின் தொடக்கத்திலேயே பயன்படுத்திய புல்லட் என்ற பெயர், போருக்குப் பின் 1949ஆம் ஆண்டு மாடலாக வந்த 350 சி.சி. வண்டியின் வழியாகவே நிலைபெற்றது. 1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக இவ்வண்டியைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆணை தந்தது. அதைத் தொடர்ந்து 1955இல் ரெட்டிச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களே பொருத்தப்பட்டன. 1957இல் உற்பத்திக் கருவிகள் என்ஃபீல்ட் இந்தியாவுக்கு விற்கப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970இல் நின்றது. பிறந்த நாட்டில் பழம்பொருளாகிவிட்ட ஒரு வடிவமைப்பு, வடசென்னைக் கடற்கரையோரத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் புது வண்டியாக வந்துகொண்டிருந்தது. அதன் கசிவுகளும் அப்படியே தொடர்ந்து வந்ததால், அவற்றை நிறுத்தும் வேலை தமிழ்நாட்டுப் பட்டறைகளில் தனித் தேர்ச்சியாகவே வளர்ந்தது.

இந்த எஞ்சின் ஏன் கசிந்தது என்பதற்குப் பேக்கிங் சரியில்லை என்ற விடையே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. பேக்கிங் என்பது இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே வைத்து இறுக்கப்படும் காகித, தக்கை அல்லது ரப்பர்த் தகடு. அதன் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி காற்றழுத்தத்தைச் சேர்ந்தது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட ஒற்றை பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழிறங்கும்போதும் 346 கன சென்டிமீட்டர் காற்றைக் கிராங்க் தண்டு சுழலும் அடிக்கூட்டுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு ஐம்பது முறை நிகழ்கிறது. இந்தக் காற்றை வெளியே விட்டு, பிஸ்டன் மேலேறும்போது வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் ஒருவழி அடைப்பிதழ் கொண்ட துவாரமே பிரீதர் எனப்படுகிறது. அது ஒழுங்காக இயங்கினால் கூட்டுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எண்ணெய்க்கு வெளியேற உந்துதல் இராது. அடைப்பிதழ் விறைத்துப்போனாலோ, குழாய் அழுக்கால் அடைபட்டாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கினாலோ, அழுத்தம் இருப்பதில் பலவீனமான இணைப்பைத் தேடிப் பிடித்து அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். அந்த இணைப்புக்குப் புதிய பேக்கிங் வைத்தால் கசிவு நிற்பதில்லை, அடுத்த இணைப்புக்கு இடம் மாறுகிறது. ஒரே வண்டிக்கு ஆண்டுதோறும் வெவ்வேறு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த பட்டறைகள் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தன.

புல்லட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர் கொள்ளும் எண்ணெய்த் தொட்டி இவ்வண்டியில் தனியாகத் தொங்கவில்லை; அடிக்கூட்டின் பின்புறத்தில் அதே வார்ப்பின் பகுதியாக அமைந்திருக்கிறது. வெளியே குழாய்களும் இணைப்புகளும் குறைந்ததால் இது கசிவைக் கட்டுப்படுத்திய நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டி வாரக்கணக்கில் நின்றால் தொட்டி எண்ணெய் தேய்ந்த பம்பின் இடைவெளி வழியே மெல்ல ஊறி, உலர்ந்திருக்க வேண்டிய கிராங்க் அறையை நிரப்பிவிடும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பினால், திருப்பும் பம்பு அதை இறைத்து முடிப்பதற்குள் பிரீதர் வழியே எண்ணெய் கொட்டும். வண்டியின் அடியில் தேங்கிய எண்ணெயைக் கண்ட உரிமையாளர் எஞ்சினையே பிரிக்கச் சொன்னதுண்டு. கிராங்க் அறையின் வடிகால் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டுப் பம்பின் பொருத்தத்தைச் சோதித்திருந்தால் போதும்.

இணைப்புகளின் அமைப்பில் ரெட்டிச் பொறியாளர்களைக் குறைசொல்ல அதிகமில்லை. வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளுக்கான வழிகளைச் சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே அமைத்ததால், அதே காலத்து ட்ரையம்ஃப் இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் தனியாக நின்று மேலும் கீழும் கசிந்த குழாய்களின் தொல்லை புல்லட்டுக்கு இல்லை. இடப்புறத்து முதன்மைச் சங்கிலிக் கூட்டின் மூடி மட்டும் வேறு கதை. நடுவில் உள்ள ஒரே நட்டு, ஓரத்தில் ஒரு ரப்பர்ப் பட்டை, இவ்வளவுதான் அதைப் பிடித்திருந்தன. கழற்றி மாட்ட இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. எனினும் கசிவை நிறுத்தும் ஆவேசத்தில் நட்டை மேலும் மேலும் முறுக்க, நடுப்பகுதி உள்வாங்கி ஓரம் வளைந்து, கசிவு முன்பைவிடக் கூடியது. பின்னால் தனிப்பெட்டியாக நின்ற கியர்பாக்ஸுக்குத் திரவ எண்ணெய்க்குப் பதில் குழம்புப் பதத்திலான கிரீஸையே நிறுவனம் பரிந்துரைத்தது. சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது அக்காலத்தில் எவ்வளவு கடினம் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடாக அதைக் கொள்ளலாம்.

பட்டறைகளின் கைமுறை இந்தச் சூழலில் உருவானது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையிலோ தேவையான பேக்கிங் கிடைக்காதபோது, மெக்கானிக்குகள் பேக்கிங் தாளை மூடியின் விளிம்பின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே வெட்டியெடுத்தனர். உலோக விளிம்பே கத்தியாக அமைவதால் வடிவம் பிசகுவதில்லை. பரப்பு வளைந்திருந்தால், தட்டையான கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்து, அதன்மீது மூடியை வட்டமாகத் தேய்த்துச் சமன்செய்தனர். பேக்கிங்கின் இருபுறமும் அரக்கிலிருந்து செய்யப்படும் ஷெல்லாக் பூசப்பட்டது. அது காய்ந்தபின் விறைத்து, அடுத்த முறை பிரிக்கும்போது சுரண்டி எடுக்கவேண்டியதாக இருந்தாலும், உள்ளே உதிர்ந்து பெருங்கேடு விளைவித்தது குறைவு.

பிற்காலத்தில் பிசினாக வந்து ரப்பராக இறுகும் சிலிக்கோன் பசைகள் பரவின. அனபாண்ட் என்ற சென்னை நிறுவனத்தின் பெயர் அவ்வகைப் பசைக்கே பொதுப்பெயர் போலப் பட்டறைகளில் வழங்கலாயிற்று. பசையில் குற்றமில்லை, அதைப் பூசிய அளவில்தான் குற்றம். புல்லட்டின் வலப்புற டைமிங் மூடி வெறும் மூடியன்று. எண்ணெய்ப் பம்புகள் அதனுள்ளேயே அமைந்திருக்கின்றன, கிராங்க் தண்டின் பெரிய பேரிங்குக்குச் செல்லும் எண்ணெய் அதில் துளைத்த நுண்வழிகளின் ஊடாகவே ஓடுகிறது. தடிமனாகப் பூசிய பசை மூடியை இறுக்கும்போது உட்புறமும் பிதுங்கி, துண்டாகக் கழன்று அந்த வழியை அடைத்தால், எண்ணெயில்லாமல் பேரிங் கருகிவிடும். வெளியே ஒரு சொட்டும் இல்லாத அந்த எஞ்சின், ஒழுகிக்கொண்டே ஓடிய பழைய எஞ்சினைவிட மோசமான நிலையை அடைந்தது. கசிவைப் பழுதுபார்த்த வரலாற்றில் பெருஞ்செலவு வைத்த தவறு இதுதான் எனலாம்.

1980களின் நடுப்பகுதியில் இந்தியாவுக்கு வந்த 100 சி.சி. ஜப்பானிய வடிவமைப்புகள் மக்களின் எதிர்பார்ப்பையே மாற்றின. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 எஞ்சினின் அடியில் எண்ணெய்க் கறை இல்லாதது ஓர் அதிசயமாகப் பேசப்பட்டது. அதன் பின்னே இருந்தவை துல்லியமாகக் கடைந்த பரப்புகளும், 1930களிலேயே கண்டறியப்பட்டுவிட்ட ரப்பர் வளையங்களும் உதடு வடிவ ஆயில் சீல்களும்தான். அதே ஆண்டின் யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கிராங்க் அறையே பெட்ரோல் கலவையை அழுத்திச் சிலிண்டருக்கு அனுப்புவதால், கசியும் கூட்டோடு அவை ஓடவே முடியாது. பழைய வண்டிகளின் கசிவை அவற்றின் குணம் என்று கொஞ்சிய பேச்சு இதன் பிறகும் ஓயவில்லை. 1977இல் தொடங்கிய ஏற்றுமதியின் வழியே புல்லட்டை வாங்கிய பிரிட்டிஷ் ஆர்வலர்கள் அதற்கு மேலும் உரமிட்டனர்.

பெட்ரோல் கசிவின் கதை சுருக்கமானது, ஆனால் அபாயம் கூடியது. பழைய பெட்ரோல் டேப்பின் உள்ளே அடைப்பாக இருந்த தக்கை, தொட்டி காலியாகக் கிடந்தால் உலர்ந்து சுருங்கிச் சொட்டத் தொடங்கும். ஆமல் கார்புரேட்டரில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காக டிக்லர் என்ற சிறு பொத்தானை அழுத்தி, மிதவை அறையிலிருந்து பெட்ரோல் வழியும்வரை காத்திருப்பதே முறையாக இருந்தது. பின்னர் வந்த மிக்கார்ப் கார்புரேட்டரில் அந்தச் சடங்கு தேவைப்படவில்லை. மிதவை ஊசி தேய்ந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் வழியாமல் சிலிண்டர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச்செய்யும். தொட்டியின் அடியில் தேங்கிய நீரால் துரு அரித்து ஊசித்துளை விழுந்தால், வழியில் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பது தமிழ்நாட்டுச் சாலைகளில் பரவலாக அறியப்பட்ட உபாயம். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாததால் வீடு சேரும்வரை அது தாங்கும். நிரந்தரத் தீர்வாகப் பற்றவைக்கும் முன் தொட்டியைக் கழுவி நீரால் நிரப்பும் பழக்கம் உண்டு. காலியான தொட்டியில் தங்கும் ஆவிதான் வெடிப்பது என்பதால் அது தவிர்க்கக்கூடாத பழக்கம்.

2008 முதல் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள் கொண்ட புதிய வடிவமைப்பு படிப்படியாகப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் இடத்தைப் பிடித்தது. சாலையில் எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்குப் புதிதாக வந்திருப்பது, 2023 முதல் விற்பனையில் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நீரை ஈர்க்கும். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் கெடுக்கும். எனவே பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எண்ணெய்க் கறையைப் பற்றிக் கவலைப்படும் முன், பெட்ரோல் டேப்பின் அடைப்பையும் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எண்ணெய்க் கசிவு தரையைக் கெடுக்கும். சூடான எஞ்சினின் மேல் சொட்டும் பெட்ரோல் வண்டியையே எரித்துவிடும்.