காளான் பர்கர்

காளான் பர்கர் என்பது இறைச்சிக்குப் பதிலாகக் காளானை முதன்மைப் பொருளாகக் கொண்டு செய்யப்படும் பர்கர். இதில் இரண்டு வகை உண்டு. பெரிய காளான் குடை ஒன்றை முழுதாகச் சுட்டுப் பன்னுக்குள் வைப்பது ஒன்று. காளானைப் பொடியாக நறுக்கி வதக்கி, பயறோ தானியமோ சேர்த்துப் பிசைந்து, கட்லெட்டாகத் தட்டிச் சுடுவது மற்றொன்று. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே நாடுகிறார்கள். கைப்பக்குவம் கூடுதலாகத் தேவைப்படுவதும் அதற்குத்தான். எந்த வகையானாலும் பர்கர் நன்றாக அமைவதும் சொதசொதவென்று போவதும், காளானிலுள்ள தண்ணீரை எவ்வளவு வெளியேற்றினோம் என்பதைப் பொறுத்தது. மசாலாவும் சாஸும் அதற்குப் பிறகுதான்.

பின்னணி

இறைச்சியில்லாத பர்கர் கடைகளில் பரவலாக விற்கத் தொடங்கியது 1980களில். லண்டனில் இயற்கை உணவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த கிரெகரி சாம்ஸ் 1982இல் 'வெஜிபர்கர்' என்ற பெயரில் உலர்ந்த கலவை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வாங்கியவர்கள் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டிச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதே பத்தாண்டில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சைவ உணவகம் நடத்திய பால் வென்னர் உருவாக்கிய 'கார்டன்பர்கர்' பின்னர் நாடெங்கும் பரவியது. காளான், பழுப்பரிசி, ஓட்ஸ், வெங்காயம், பாலாடைக்கட்டி ஆகியவை சேர்ந்த கட்லெட் அது. இன்று வீடுகளில் செய்யப்படும் காளான் கட்லெட்டுகளில் பலவும் ஏறக்குறைய இதே சேர்மானத்தைத்தான் பின்பற்றுகின்றன.

முழுக்குடை பர்கருக்கு வழிவகுத்தது போர்ட்டபெல்லோ காளான். முற்றி விரிந்த பழுப்புக் காளானுக்கு அமெரிக்கச் சந்தையில் அவ்வளவாக மதிப்பு இருந்ததில்லை. 1980களில் இந்தப் பெயரோடு விளம்பரப்படுத்தப்பட்ட பிறகே அது உணவக மேசைக்கு ஏறியது. நியூயார்க்கில் தொடங்கிய ஷேக் ஷாக் உணவகத்தின் காளான் பர்கர் இந்த வகையில் பெயர்பெற்றது. போர்ட்டபெல்லோவுக்குள் பாலாடைக்கட்டியை அடைத்து, மொறுமொறுவென்று பொரித்துப் பன்னுக்குள் வைக்கிறார்கள்.

2016இல் பியாண்ட், இம்பாசிபிள் ஆகிய நிறுவனங்களின் கட்லெட்டுகள் வந்தபின் இத்துறையின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. முன்னது பட்டாணிப் புரதத்தையும் பீட்ரூட் சாற்றின் நிறத்தையும் பயன்படுத்துகிறது. பின்னது சோயாச் செடியின் வேரிலுள்ள லெக்ஹீமோகுளோபினை ஈஸ்ட் கொண்டு தயாரித்துச் சேர்க்கிறது. இறைச்சியின் நிறம், மணம், கசியும் சாறு வரை அப்படியே கொண்டுவருவது இவற்றின் நோக்கம். காளான் பர்கருக்கு அந்தப் பாடு தேவையில்லை. காளானுக்கென்றே ஆழமான சுவையும் கடிபதமும் உண்டு. அவற்றைக் கெடுக்காமல் வெளிக்கொண்டுவந்தால், ஒன்றின் மாற்று என்ற அடையாளம் இல்லாமலே அது நிறைவான உணவாகும்.

காளானின் இயல்பு

காளான் செடியினம் அன்று, பூஞ்சையினம். காய்கறிகளை வேகவைத்தால் அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்து குழைந்துபோகும். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இறால், நண்டு ஓடுகளில் உள்ள அதே பொருள். அது சமையல் சூட்டில் கரையாது. அதனால்தான் காளானை அரைமணி நேரம் வதக்கினாலும் கூழாகாமல், பல்லுக்குப் பிடி கொடுக்கிறது. கத்தரிக்காயோ பூசணியோ தராத கடிபதத்தைக் காளான் கட்லெட் தருவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் பச்சைக் காளானின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை வாணலியில் உள்ள காளானின் சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மயார் வினை விரைந்து நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். ஆகவே தண்ணீர் வற்றாத காளான் அவிந்த காளானாகவே நிற்கும். அதைப் பிசைந்து தட்டினால், மிச்ச ஈரம் சுடும்போது கசிந்து கட்லெட்டை உடைக்கும். பலர் இதற்கு மருந்தாகப் பிரெட் தூளை அள்ளி அள்ளிச் சேர்க்கிறார்கள். கட்லெட் நிற்கிறது, காளானின் சுவைதான் காணாமல் போகிறது.

காளானைக் கழுவக் கூடாது என்ற எச்சரிக்கையும் இந்த அச்சத்தில் பிறந்ததே. உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ காளானைத் தண்ணீரில் ஊறவைத்து எடைபோட்டுப் பார்த்து, அது உறிஞ்சுவது மிகச் சொற்பம் என்று காட்டினார். மண் ஒட்டிய காளானைத் தயங்காமல் கழுவலாம். நறுக்கிய பிறகு கழுவாமல், நறுக்கும் முன் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

உமாமி

ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பின்னர் 1950களில் அகிரா குனினாகா, குவானிலேட் என்ற பொருளும் இச்சுவையைத் தருவதைக் கண்டறிந்தார். உலர்ந்த ஷிட்டாகே காளானில் குவானிலேட் மிகுதி. குளூட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்தால் நாவில் உணரப்படும் சுவை, இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் வருவதைவிடப் பல மடங்கு மிகும்.

காளான் கட்லெட்டில் சோயா சாஸும் தக்காளி விழுதும் இடம்பெறுவதற்கான காரணம் இங்கே இருக்கிறது. இரண்டிலும் குளூட்டமேட் நிறைய உண்டு. உலர் ஷிட்டாகே இரண்டு மூன்று கிடைத்தால் ஊறவைத்து நறுக்கிச் சேர்க்கலாம். ஊறிய தண்ணீரையும் கொட்டாமல் வாணலியில் விட்டு வற்றவைக்க வேண்டும். கரம் மசாலாவையும் மிளகாய்த்தூளையும் குவித்தால் இந்தச் சுவை அடிபட்டுப்போகும். மிளகு, பூண்டு, சிறிது சீரகம் என்பதோடு நிறுத்துவதே நல்லது.

எந்தக் காளான்

கடைகளில் பெட்டியில் கிடைக்கும் வெள்ளை மொட்டுக் காளான், அதன் பழுப்பு வகையான கிரெமினி, குடை விரிந்த போர்ட்டபெல்லோ ஆகிய மூன்றும் அகாரிகஸ் பைஸ்போரஸ் என்ற ஒரே இனம். வெள்ளை நிறமே 1920களில் பென்சில்வேனியாவின் காளான் பண்ணை ஒன்றில் தற்செயலாகத் தோன்றிய மாற்றம்தான். குடை முற்ற முற்றச் சுவை அடர்த்தியாகும். குடையின் அடிப்பக்கம் சற்றுத் திறந்து, உள்ளே பழுப்புச் செவுள்கள் தெரியும் காளானை அழகில்லை என்று ஒதுக்க வேண்டாம். பர்கருக்கு அதுவே ஏற்றது. வழவழப்பும் புளித்த வாடையும் வந்தவற்றை மட்டும் தவிர்த்தால் போதும்.

மொட்டுக் காளான் குளிர்ப் பயிர். தமிழ்நாட்டில் அது நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு இசைந்தது. சமவெளியின் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நன்கு விளைவது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் இதைப் பரவலாக்கியது. தடித்த தண்டும் இறுகிய நார்ச்சதையும் கொண்ட பால் காளான் பர்கருக்கு மிகப் பொருத்தம். தண்டைத் துருவியோ பொடியாக நறுக்கியோ கட்லெட்டில் சேர்த்தால் கடிபதம் கூடுகிறது. சிப்பிக் காளானைக் கையால் நார்நாராகக் கிழித்து வதக்கிப் பயன்படுத்தலாம். தனியாகப் போட்டால் மென்மை மிகுந்துவிடும், மொட்டுக் காளானோடு பாதிக்குப் பாதி கலந்தால் நன்று.

செய்முறை

நான்கு பர்கருக்கு மொட்டுக் காளானோ பால் காளானோ 400 கிராம், வேகவைத்து வடித்த கொண்டைக்கடலை 150 கிராம், நடுத்தர வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், ஓட்ஸ் 40 கிராம், பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தக்காளி விழுது ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், எண்ணெய் ஆகியவை போதும். சோயா சாஸில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

காளானில் பாதியைப் பொடியாகவும், மீதியைப் பட்டாணி அளவிலும் நறுக்கிக்கொள்ளலாம். மிக்சியில் போடுவதானால் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்த வேண்டும். விழுதானால் கடிபதம் போய்விடும். அகலமான இரும்பு வாணலியில் காளானைப் பரப்பி, எண்ணெய் இல்லாமல் கால் குவளை தண்ணீர் மட்டும் விட்டு, பெருந்தீயில் மூடாமல் வைக்கவும். தண்ணீரை வெளியேற்றத் தண்ணீர் விடுவது முரணாகத் தோன்றலாம். காளானின் சதைக்குள் காற்று நிறைந்த இடைவெளிகள் உள்ளன. நேரே எண்ணெய் விட்டால் அதை அவை குடித்துவிடும். ஆவியில் முதலில் துவண்டு அடங்கிய காளானுக்குப் பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே தாராளம்.

பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் வாணலியின் சத்தம் மாறும். கொதிக்கும் ஒலி அடங்கிப் பொரியும் ஒலி எழுந்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். காளான் பாதி எடைக்குச் சுருங்கியிருக்கும். இப்போது எண்ணெய், வெங்காயம், பூண்டு சேர்த்து ஓரங்கள் பழுப்பாகும்வரை வதக்கி, தக்காளி விழுதையும் சோயா சாஸையும் ஊற்றிக் கிளறி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலந்து இறக்க வேண்டும். தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடவும். சூட்டோடு பிசைந்தால் ஆவி உள்ளேயே தங்கி மறுபடி ஈரமாகும்.

கொண்டைக்கடலையை ஈரம் போகத் துடைத்து, கரடுமுரடாக மசித்து, ஓட்ஸோடும் பொட்டுக்கடலை மாவோடும் காளானில் சேர்த்துப் பிசையவும். மேல்நாட்டுச் செய்முறைகள் பிணைப்புக்கு முட்டையும் பிரெட் தூளும் சொல்கின்றன. கடைக் கட்லெட்டுகளில் பலவற்றில் மெத்தில் செல்லுலோஸ் இருக்கிறது. சூடானால் இறுகி, ஆறினால் இளகும் பொருள் அது. கோலா உருண்டையைப் பிடித்து நிறுத்தும் பொட்டுக்கடலை இந்த வேலையை அருமையாகச் செய்யும். ஏற்கெனவே வறுபட்டதாகையால், கடலை மாவில் வரும் பச்சை வாடை இதில் இல்லை.

கலவையை ஃபிரிட்ஜில் அரைமணி நேரமாவது வைக்க வேண்டும். ஓட்ஸும் மாவும் மிச்ச ஈரத்தை இழுத்து இறுகுவதற்கு இந்த நேரம் தேவை. அவசரத்தில் இதைத் தாண்டிச் செல்பவர்களின் கட்லெட்தான் திருப்பும்போது உடைகிறது. உருட்டும்போது கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மாவு, விரிசல் விட்டால் சில துளி தண்ணீர். சுண்டைக்காய் அளவு எடுத்துச் சுட்டு உப்பு பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு நான்காகப் பிரித்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில், பன்னின் அகலத்துக்குச் சரியாகத் தட்டவும். இறைச்சிக் கட்லெட் சுடும்போது சுருங்குவதால் அதைப் பெரிதாகத் தட்டுவார்கள். தண்ணீரை முன்பே இழந்த காளான் கட்லெட் அவ்வளவாகச் சுருங்காது.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் சுட வேண்டும். அடிப்பக்கம் மொறுமொறுப்பான தோல் பிடித்த பிறகு ஒரே தடவை திருப்பினால் போதும். கரண்டியால் அமுக்கக் கூடாது.

முழுக்குடை வகைக்குப் போர்ட்டபெல்லோவின் தண்டை நீக்கி, கறுத்த சாறு விடும் செவுள்களைச் சுரண்டி, எண்ணெயும் வினிகரும் பூண்டும் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, இருபுறமும் ஐந்து நிமிடம் சுட்டு, வடிய வைத்துப் பயன்படுத்தலாம்.

பன்னும் சேர்ப்புகளும்

பன்னின் வெட்டுப் பக்கங்களில் வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டுவது அவசியம். அந்தப் படலம் சாஸ் ஊறாமல் தடுக்கும். கீழ்ப் பன், சாஸ், லெட்யூஸ் இலை, கட்லெட், அதன் சூட்டில் இளகும் பாலாடைக்கட்டி, வெங்காய வட்டம், மேல் பன் என்று அடுக்கலாம். காளானின் அடர்ந்த சுவைக்கு ஈடாகப் புளிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறிய வெங்காயமோ வெள்ளரியோ இதற்கு நன்றாகப் பொருந்தும். தக்காளித் துண்டை உப்பிட்டு வடியவிட்டே வைக்க வேண்டும்.

முழுச் சைவமாகச் செய்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். வொர்செஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் சேர்க்கப்படுகிறது. பார்மேசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுவது. பேக்கரிப் பன்களில் சிலவற்றின் மேல் பளபளப்புக்காக முட்டை பூசப்படுகிறது.

ஊட்டமும் பாதுகாப்பும்

பச்சை மொட்டுக் காளான் 100 கிராமில் ஏறத்தாழ 22 கலோரியும் 3 கிராம் புரதமுமே உள்ளன. புரதத்தில் காளான் இறைச்சிக்கு ஈடாகாது. கொண்டைக்கடலையைச் சேர்ப்பது அந்தக் குறையை ஓரளவு நிரப்பவும்தான். நறுக்கிய காளானைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால், வைட்டமின் டி2 ஆக மாறுகிறது.

ஷிட்டாகேயை அரைவேக்காட்டில் உண்டால் சிலருக்குச் சாட்டையடித் தழும்பு போன்ற தோல் தடிப்புகள் வரும். நன்கு வேகவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மழைக்குப்பின் தோட்டத்திலும் புதரிலும் முளைக்கும் காளானை, இனம் உறுதியாகத் தெரியாமல் பறித்துச் சமைக்கவே கூடாது. அமானிட்டா இனங்கள் சிலவற்றின் நஞ்சு கல்லீரலை அழிப்பது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. உண்டு பல மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்குவதால், அறிகுறி தெரிந்தவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீந்த காளான் இருந்தால் கையோடு எடுத்துச் சென்றால் இனம் காண உதவும்.