புணானைச் சிறுத்தையும் விலங்கின் வன்மையும்

வேட்டை விலங்குகளுள் வலியது எது என்ற வினாவுக்கு எடையையும் பல்லையும் அளந்து விடை கூறுவோர் பலர். மட்டக்களப்பு வட்டாரத்தின் வரலாறு அவ்விடையை எளிதில் ஏற்பதில்லை.

ஏறாவூரிலிருந்து வடமேற்கே, வாழைச்சேனையைக் கடந்து பொலனறுவைக்குச் செல்லும் வழியில் உள்ளது புணானை. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928இல் வந்தது. அதற்குமுன் காட்டினூடே சென்ற தனிவழியில் சிறுத்தையொன்று குறைந்தது 12 பேரைக் கொன்றது. 1924இல் ஷெல்ரன் ஏகர் என்ற வேட்டையாளர் அதனைச் சுட்டு வீழ்த்தினார். பாடஞ்செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தது. இலங்கையில் ஆட்கொல்லியெனப் பதிவுபெற்ற சிறுத்தை இதுவொன்றே என்பர்.

இலங்கை ஆண் சிறுத்தையின் சராசரி எடை ஏறத்தாழ 56 கிலோகிராம். அதே காட்டில் வாழும் ஆண் கரடியோ 100 கிலோகிராமையும் மிஞ்சக்கூடியது. காடு செல்வோர் பெரிதும் அஞ்சுவதும் கரடிக்கே. அதன் நகம் பட்டு முகஞ் சிதைந்தோர் பலர். ஆயினும் கறையானும் தேனும் பழமும் உண்ணும் கரடி, தன்னைக் காக்கவே தாக்குகிறது. மனிதனை இரையாகத் தேடுவதில்லை. ஓசையின்றி அணுகிக் கழுத்தைப் பற்றும் சிறுத்தைக்குப் பேருடல் வேண்டியதில்லை; துணையற்ற வழிப்போக்கன் போதும்.

இந்தியச் சான்றுகளும் இதனையே உணர்த்துகின்றன. 1926இல் ஜிம் கோர்பெற் கொன்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையின் கணக்கில் 125 உயிர்கள் உள. 1907இல் அவரே கொன்ற சம்பாவத்துப் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் முன்னரே உடைந்திருந்தன; இயல்பான இரையைப் பிடிக்க இயலாமையே அதனை மனிதர்பால் திருப்பியது என அவர் கருதினார். மிகுதியாகக் கொன்ற அவ்விலங்கு ஊனமுற்றிருந்தது என்பதை வன்மையை ஒப்பிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

ஈழத்துச் சிறுத்தையின் முதன்மையும் பொருதுபெற்றதன்று. சிங்கமும் புலியும் தொல்பழங்காலத்தில் இத்தீவில் வாழ்ந்தமைக்குப் புதைபடிவச் சான்றுகள் கிடைத்துள்ளன. குருவிற்றையிற் கிடைத்த பற்களைக் கொண்டு பி. இ. பி. தெரணியகல 1939இல் சிங்கத்தின் உள்ளினமொன்றையும் வரையறுத்தார். அவை அழிந்தபின் சிறுத்தைக்கு நிகரான வேட்டை விலங்கு நிலத்தில் இல்லாதுபோயிற்று. புலிக்கு ஒதுங்கி வாழும் இந்தியச் சிறுத்தையைப் போலன்றி, இது கொன்ற மானைப் பெரும்பாலும் மரத்தில் ஏற்றாது தரையிலேயே வைத்து உண்கிறது.