எங்களுக்கு என்ன விசரே?

2009இல் எனக்கு ஆறு வயது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில இருந்த காலத்தைப் பற்றி அம்மா இண்டைக்கும் வடிவாக் கதைக்கிறதில்லை. அடிக்கடி தலையிடி, நித்திரை இல்லை. ஒருமுறை, "பிரதேச செயலகத்தில உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறா, போய்க் கதைச்சுப் பாருங்கோவன்" எண்டு சொன்னன். "ஏன், எங்களுக்கு என்ன விசரே?" எண்டு கேட்டா. என்னிட்டப் பதில் இருக்கேல்லை. அந்தக் கேள்வியோடதான் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினன்.

அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் கற்பித்த உளமருத்துவர். போருக்கு வெளியே இருந்து அதை ஆராய்ந்தவர் இல்லை. ராஜன் ஹூல், ராஜினி திராணகம, கே. சிறீதரன் ஆகியோருடன் சேர்ந்து 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். அந்த நூல் பரவலாக வெளிவர முன்னரே, 1989 செப்டெம்பர் 21 அன்று, ராஜினி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவரின் காயத்துக்கு மருந்து கட்டிய மனிதர் தானும் இழந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரை வாசிக்க வேண்டும்.

1993இல் அவர் தமிழில் 'மனவடு' என்ற நூலை எழுதினார். 1998இல் போரின் உளத்தாக்கம் பற்றிய அவரது ஆங்கில நூல் வந்தது. அதன் தலைப்பு வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014இல் வந்த நூலின் தலைப்போ வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. இந்த இரண்டு தலைப்புகளுக்கும் இடையில்தான் அவரது சிகிச்சைச் சிந்தனை நகர்ந்த தூரம் இருக்கிறது.

மேலைத்தேய உளமருத்துவம் பெரும்பாலும் ஒரு தனி ஆளை ஒரு அறையில் இருத்திப் பார்க்கும். எங்கட சனம் அப்படி வராது. வந்தாலும் "கவலை" எண்டு சொல்லாது. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சுப் படபடப்பு எண்டுதான் சொல்லும். ஆகவே அவர்கள் ஏற்கெனவே அறிந்ததிலிருந்தே அவர் தொடங்கினார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், பழகிய சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல்: சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். மருந்து தேவைப்பட்ட இடத்தில் மருந்தும் உண்டு. வைத்தியர்கள் போதாத இடத்தில் ஆசிரியர்களுக்கும் அடிமட்டச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஊருக்குள்ளேயே ஆற்றுப்படுத்த ஆட்களை உருவாக்குவதும் இந்த முறையின் பகுதி.

ஆனால் வன்னி இதையும் தாண்டிய கேள்வியைக் கேட்டது. கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டபோது, யாரைத் தனியாக நோயாளி என்பது? 2010இல் வன்னி மக்கள் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை, மக்களின் கதைகள், சித்திரங்கள், கடிதங்கள், கவிதைகளை எல்லாம் சான்றாக எடுத்துக்கொண்டது. அவர் அங்கே பேசியது 'கூட்டு மனவடு' பற்றி. இந்தக் கருத்தின் ஒரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1972இல் மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் அழிந்தபோது, உயிர் தப்பியவர்கள் தங்கள் அயலையும் உறவையும் இழந்ததே தனியான ஒரு காயம் என்று சமூகவியலாளர் கை எரிக்சன் கண்டார். எங்களிடம் அது வெள்ளத்தோடு முடியவில்லை. யாரையும் நம்பாமை, வாய் திறவாமை, மற்றவர் கையை எதிர்பார்த்திருத்தல் இவையும் காயத்தின் அடையாளங்கள் என்கிறார் தயா. நாங்கள் இதுகளை "எங்கட சனத்தின்ர குணம்" எண்டு சொல்லி ஏசிக்கொண்டிருக்கிறம்.

காயம் கூட்டாக வந்தால் ஆறுவதும் கூட்டாகத்தான். குடும்பத்தைச் சேர்த்து வைப்பது, தொழில், சொந்தக் காணி, இறந்தவருக்கான கிரியை, ஒப்பாரி, நினைவுகூரல் எல்லாம் சிகிச்சைக்குள் வருகின்றன. இந்த இடத்தில் அரசியலும் வந்துவிடுகிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்கு அந்தியேட்டி செய்யவும் முடியாது, அழுது முடிக்கவும் முடியாது. அவளிடம் "ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா" எண்டு எந்த உளவளத்துணையாளரும் சொல்ல முடியாது. உளவளத்துணையால் அவள் பக்கத்தில் இருக்க முடியும். பதில் சொல்ல வேண்டியது வேறு ஆட்கள்.

அம்மாவின்ர கேள்விக்கு இப்ப என்னிட்ட ஒரு பதில் இருக்கு: விசர் இல்லை, காயம். அது உங்களுக்கு மட்டும் பட்டதும் இல்லை.

போன விடுமுறைக்கு வீட்ட போனபோது இதை விளக்கேல்லை. "இந்தத் தலையிடி எப்ப தொடங்கினது?" எண்டு மட்டும் கேட்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "மாத்தளனில இருந்து" எண்டா. அந்த இடத்தின்ர பேரை அவ எனக்குச் சொன்னது அதுதான் முதல்தடவை.