மஞ்சள் கடுதாசி

வாங்கிய கடனைக் கட்ட வழியில்லாதவர், தம்மை நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவுக்கும், அதையொட்டிக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீசுக்கும் தமிழகத்தில் வழங்கும் பெயர். நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்று கடைவீதியில் சொல்வதும் இதைத்தான். இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் அது. சட்டத் தமிழில் நொடிப்பு மனு. கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒருசேரக் கடன்காரன் என்று சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. குழப்பம் வேண்டாமென்று இங்கே வாங்கியவரைக் கடனாளி என்றே குறிப்போம்.

இந்தியாவில் தனிமனிதரின் நொடிப்பை இரண்டு பழைய சட்டங்கள் ஆள்கின்றன. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னைவாசியின் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சொத்தைப் பொறுப்பேற்பவர் அஃபிஷியல் அசைனி. வெளியூர்களில் மனு பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில், சொத்து ரிசீவரிடம். மனுப் போட 1920-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் கடன் ஒழிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்து நொடித்துப்போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் கடைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி, மனை எல்லாம் ரிசீவர் கைக்குப் போய்விடும். நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை தந்தால் கைதுக்குப் பயப்பட வேண்டாம். சமையல் பாத்திரம், பாய் படுக்கை, உடுதுணி, மனைவி கழுத்துத் தாலி ஆகியவற்றை யாரும் தொட முடியாது. தையல்காரரானால் மிஷினும், விவசாயியானால் ஏரும் மாடும் விதை நெல்லும் தப்பும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு தரும் விலக்கு இது. அடமானம் பிடித்த வங்கியை மட்டும் இந்த மனு நிறுத்தாது. வீட்டுக் கடனுக்கு வீட்டை அது ஏலம் விடலாம்.

கடுதாசி கொடுப்பதற்குச் சில மாதம் முன்பு வீட்டை மைத்துனர் பெயருக்கு மாற்றி எழுதுவது நம் ஊரில் பழைய தந்திரம். சட்டத்துக்கும் அது தெரியும். உண்மையான விலை வாங்காமல் மாற்றிய சொத்தை, மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் மனு வந்திருந்தால், நீதிமன்றம் செல்லாதென்று ஆக்கலாம். வேண்டிய ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தந்து பாக்கியைத் தீர்த்திருந்தால் அதற்கு மூன்று மாதக் கணக்கு.

கடனிலிருந்து உண்மையான விடுதலை, பிறகு தனியாகக் கேட்டுப் பெற வேண்டிய விடுவிப்பு ஆணையில்தான் இருக்கிறது. நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் அதைக் கேட்காவிட்டால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகிவிடும். கடுதாசி கொடுத்ததோடு வக்கீலை மறந்துவிடுகிறவர்கள் சிக்குவது இங்கேதான். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் தீராது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரும் தப்பமாட்டார். விடுவிப்பு வரும்வரை சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினராகும் தகுதியும் கிடையாது.

காலம் கெட்டபோதெல்லாம் நொடிப்பு, கடன் சட்டங்களுக்கு வேலை வந்திருக்கிறது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் அர்பத்நாட் வங்கி கதவை மூடியது. ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அதில் முடங்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்.

1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, வட்டி சரியவில்லை. 1938-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நேரடியாகக் கணக்குப் புத்தகத்திலேயே கைவைத்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பின் வந்த கடன் நிவாரண ஏற்பாடுகளில் இத்தனை தெளிவான கணக்கு அரிது.

கடனுக்காகச் சிறை என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1980-இல் கடிவாளம் போட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட முடியாத ஏழ்மை குற்றமாகாது, வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தால்தான் சிறை என்று தீர்ப்பளித்தார். செக் திரும்பிய வழக்கு வேறு, அது குற்றவியல். மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரர்களுக்கு எதிராகத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு, நிறுவனங்களுக்குப் புது வழி திறந்தது. கொரோனா வந்தபோது அரசு அவற்றுக்கு விரைந்து குடைபிடித்தது. மனுவுக்கான வரம்பு 2020 மார்ச் 24 அன்று ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயானது. மறுநாள் முதல் ஓராண்டுக்குள் தவறிய தவணைகளுக்காக எந்த நிறுவனத்தையும் திவால் மன்றத்துக்கு இழுக்க முடியாதென்றும் ஆனது. தனிமனிதருக்குக் கிடைத்தது ஆகஸ்ட் வரை தவணைத் தள்ளிவைப்பு. வட்டி ஓடிக்கொண்டிருந்தது, வட்டிக்கு வட்டி மட்டும் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முழுதாக நீங்கியது.

அதே தொகுப்பில் ஏழைக் கடனாளிக்கென்று ‘புதுத் தொடக்கம்’ என்ற அத்தியாயமும் உண்டு. சொந்த வீடில்லாமல், ஆண்டு வருமானம் 60,000 ரூபாயையும், சொத்து 20,000 ரூபாயையும், கடன் 35,000 ரூபாயையும் தாண்டாதவருக்கு அது கடனை நீக்கித் தரும். வரம்புகள் இத்தனை குறுகலாக இருப்பது ஒருபுறம் இருக்கட்டும், தனிமனிதர் பகுதியில் இதுவரை நடைமுறைக்கு வந்தது, நிறுவனக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கான பங்கு மட்டுமே. மற்றவர்களுக்கு 1909, 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களே கதி. கடையில் வேலை பார்த்த சிப்பந்தியின் சம்பளப் பாக்கியில் முன்னுரிமையோடு பட்டுவாடா செய்ய 1920-ஆம் ஆண்டுச் சட்டம் அன்று வைத்த உச்சவரம்பு 20 ரூபாய்.