சமநிலைப் புலனும் மின்தூண்டலும்

இரு காதுகளின் பின்னுள்ள எலும்பு மேடுகளில் மின்தகடுகளை ஒட்டி, அவற்றினூடே சிறிதளவு நேர்மின்னோட்டம் செலுத்தி, மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்யும் உட்செவியின் செயலை அறியும் பரிசோதனை முறையே இங்குக் கூறும் மின்தூண்டல். ஐம்புலன்களின் வரிசையில் சமநிலைப் புலனுக்கு இடமில்லை. தலை கிறுகிறுக்கும் நாள்வரை அதை எவரும் நினைப்பதுமில்லை.

தாம் கண்ட மின்னடுக்கின் முனைகளைத் தம் காதுகளிலேயே பொருத்திப் பார்த்த வோல்ட்டா, தலைக்குள் ஓர் அதிர்ச்சியும் குழம்பு கொதிப்பது போன்ற ஓசையும் உண்டானதாக 1800-இல் எழுதினார். மின்னோட்டத்தால் தலைசுற்றுவதைப் பின்னர் புர்க்கினே விவரித்தார். விழிகள் துடித்தசைவதை 1871-இல் ஹிட்சிக் ஆராய்ந்தார்.

பாதங்களைச் சேர்த்து, கண்களை மூடி நிற்பவருக்கு வலக்காதின் பின் நேர்முனையும் இடக்காதின் பின் எதிர்முனையும் வைத்து ஒரு மில்லியாம்பியர் அளவே செலுத்தினாலும், அவர் சரீரம் தானாகவே வலப்புறம் சாயும். எதிர்முனைப் பக்கத்து நரம்பின் துடிப்பு மிகுந்து, நேர்முனைப் பக்கத்தில் குறைய, தலை இடப்புறம் சரிவதாக மூளை மயங்கி, இல்லாத அச்சரிவைத் திருத்த முற்படுவதே இதன் காரணம். அவரே முகத்தை இடத்தோளின் பக்கம் திருப்பிக்கொண்டால், அதே மின்னோட்டம் அவரை முன்புறம் சாய்க்கும். செவி கூறும் செய்தியைக் கழுத்தின் நிலையோடு பொருத்தியே மூளை பொருள் கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. ஆயினும் உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்களின் நரம்புகளையும் இரு சிறு பைகளின் நரம்புகளையும் மின்சாரம் ஒருசேரத் தூண்டிவிடுவதால், எந்த உறுப்பு பழுது என்று பிரித்தறிய இம்முறை போதாது. மருத்துவமனைகளில் காதில் வெந்நீரும் குளிர்நீரும் பாய்ச்சும் பழைய சோதனை இன்றும் நிலைத்திருப்பது நியாயமே.

உட்செவியின் செய்தியால் மூளை மயங்குவது பறப்பவர்களுக்கும் நேர்வதுண்டு. மேகத்துள் மெல்ல வளைந்து செல்கையில் குழல்களின் திரவம் நிலைகொண்டு திருப்பத்தை அறிவிக்காது போவதும், விமானத்தை நேராக்கியதும் எதிர்ப்புறம் சாய்வதாகத் தோன்றுவதும், எனவே செவியை விடுத்துக் கருவிகளையே நம்பவேண்டும் என்பதும் விமானிகளின் பாலபாடம். விண்வெளியிலிருந்து திரும்புவோரின் தள்ளாட்டத்தை, விண்ணேறாதவரிடத்தும் மின்தூண்டலால் உண்டாக்கி ஆராய்ந்துள்ளனர்.

இம்மின்தூண்டலை மின்கலங்கொண்டு வீட்டில் செய்து பார்த்தல் கூடாது. வோல்ட்டாவே அச்சோதனையை அடிக்கடி செய்யத் துணியவில்லை.