அடையாள எண்ணும் முகப்புப் பக்கமும்

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1954இல் அமைக்கப்பட்ட அணுசக்தி நிறுவனம், 1967இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. செம்பூரைச் சுற்றியுள்ள கல்வி நிறுவனங்களில் இன்று பயிலும் மாணவர், ஓர் எண்ணை ஸோட்டெரோவில் ஒட்டி ஒரு நொடியில் மேற்கோள் குறிப்பைப் பெறுகிறார். அந்த நொடிக்குப் பின்னாலிருக்கும் உழைப்பை அறிய, டிராம்பே நூலகம் பங்குகொண்ட ஒரு பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

பன்னாட்டு அணுசக்தி முகமை 1970இல் இனிஸ் என்னும் தகவல் அமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் வெளியான அணு அறிவியல் எழுத்துகளைத் தானே விவரித்து வியன்னாவுக்கு அனுப்பவேண்டும். அங்கு அவை ஒன்றுசேர்க்கப்படும். இந்தியாவின் பங்கை டிராம்பே நூலகப் பிரிவு ஏற்றது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்பெண் உண்டு. ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் எப்படி எழுதவேண்டும் என்பதற்கு விவரணப் பட்டியலாக்க விதிகளும் உண்டு. எண் வேறு, விவரணை வேறு. எண் ஓர் ஆவணத்தைச் சுட்டும், அவ்வளவே. அதன் ஆசிரியர் யார் என்பதை ஆவணத்தைப் பார்த்து ஒருவர் எழுதியாக வேண்டும்.

இந்த வேறுபாடு இணையக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. டிஓஐ எனப்படும் எண்ணிமப் பொருள் அடையாளங்காட்டி 1997இல் பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதற்கான அறக்கட்டளை 1998இலும், பதிப்பாளர்களின் பதிவு நிறுவனமான கிராஸ்ரெஃப் 2000இலும் உருவாயின; 2012இல் அது ஐஎஸ்ஓ தரநிலையாயிற்று. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் அந்த எண்ணைப் பெற்றதும் கட்டுரையைப் படிப்பதில்லை. பதிப்பாளர் கட்டுரையைப் பதிவுசெய்தபோது ஒப்படைத்த மீத்தரவைக் கேட்டுப் பெற்று, அதை ஏபிஏ, எம்எல்ஏ முதலிய நடைகளில் அடுக்கித் தருகின்றன. ஒப்படைக்கும்போது நேர்ந்த பிழை, அழகாக வடிவமைக்கப்பட்ட பிழையாக ஆய்வேட்டில் வந்து அமர்கிறது.

எண்ணின் தன்மையையும் கவனிக்கவேண்டும். ஐஎஸ்பிஎன்னின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கணக்கு பொருந்தாது, பிழை பிடிபடும். டிஓஐக்கு அத்தகைய காப்பு இல்லை. ஓர் எழுத்து பிசகினால் அது எங்கும் செல்லாமல் போகலாம். வேறொருவர் கட்டுரைக்கே இட்டுச்செல்லவும் கூடும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இழப்பு மிகுதியாக நேர்வது பெயரில்தான். கிராஸ்ரெஃபின் படிவம் தனிமனிதர் பெயரைக் குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டாகப் பிரிக்கிறது. தமிழர் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை; ஊரும் தந்தை பெயரும் தலைப்பெழுத்துகளாக முன்னிற்கும். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனின் பெயரில் முதல் எழுத்து ஊர், இரண்டாம் எழுத்து தந்தை. கடைசியில் நிற்பது அவருடைய சொந்தப் பெயராதலால், அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டாலும் மேற்கோள் தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. கடவுச்சீட்டு வழக்கப்படி சொந்தப் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதும் ஆய்வாளர்க்கோ, மேற்கோள் தந்தையின் பெயரில் போய்ச் சேர்கிறது. ஒரே ஆய்வாளர் இரு கட்டுரைகளில் இரு முறையில் எழுதினால், மேற்கோள் கணக்கில் இருவராகிவிடுகிறார். பணியமர்த்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அக்கணக்கைக் கேட்கும் காலத்தில் இது வெறும் எழுத்துப்பிழையன்று. 2012இல் வந்த ஆர்கிட் எண் இருவரையும் ஒருவராக்க உதவும். ஆனால் அச்சில் வரும் பெயரைத் திருத்தாது. தமிழ் நூல்களுக்கு இன்னொரு சிக்கல்: தலைப்பில் ஒரு ழகரம் இருந்தால் போதும், உரோமன் எழுத்தில் ஒரே நூல் வெவ்வேறு எழுத்துக்கூட்டலுடன் பதிவாகிறது.

இச்சிக்கலை மென்பொருள்களுக்கு முன்பே எதிர்கொண்டவர் அரங்கநாதன். 1934இல் வகைப்படுத்திய பட்டியல் விதிகளை வெளியிட்ட அவர், 1955இல் வந்த நூலில் ஐந்து பட்டியல் விதித்தொகுப்புகளை ஒப்பிட்டு, பல பண்பாடுகளின் பெயர்களை எப்படிப் பதிவது என்று ஆராய்ந்தார். தலைப்புப் பதிவுக்கான செய்தியை நூலின் முகப்புப் பக்கத்திலிருந்தும் அதைச் சார்ந்த பக்கங்களிலிருந்தும் எடுக்கவேண்டும் என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. படிவத்தின் கட்டங்களுக்கு முன் ஆவணம் நிற்கிறது என்பதே அதன் பொருள்.

மென்பொருளைக் கைவிடவேண்டும் என்பதன்று இதன் முடிவு. எண்ணைக் கொண்டு பதிவை வரவழைத்தபின், கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து ஆசிரியர் பெயர், தொகுதி, பக்கம் ஆகியவற்றை ஒப்பிடுதல் வேண்டும். இணையத்தில் முன்கூட்டி வெளியான ஆண்டும் இதழின் ஆண்டும் வேறாயிருக்கக்கூடும், அதையும் நோக்கவேண்டும். ஸோட்டெரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி உண்டு. தலைப்பெழுத்துடன் கூடிய தமிழ்ப் பெயரை அதில் பிரிக்காமல் வைக்கலாம். தன் பட்டியலில் மட்டும் திருத்திவிட்டு நின்றால், அடுத்த மாணவர்க்கும் அதே பிழைதான் வந்துசேரும். கிராஸ்ரெஃபில் உள்ள பதிவைத் திருத்தும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு. பிழையைக் கண்டவர் அவருக்கு ஒரு மடல் எழுதினால், அந்த எண்ணைத் தேடிவரும் ஒவ்வொருவருக்கும் சரியான பெயர் கிடைக்கும்.